நிழல் பார்த்துக் கட்டின காயீன்

சாமு, என் பெரியவனே,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. மடித்து உன் அப்பா கையில் கொடுத்து நாளைக் காலை செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிடப் போகிறேன். வழியில் அவர் படிப்பார். படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலில் உன் ரூமுக்கு வந்து நிற்பார். உன்னோடு தங்கியிருக்கிற பையன்களும் படிக்கட்டும், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் "தம்பி கல்யாணம்" என்று வாயைத் திறந்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கிரிக்கெட் பார்க்க வருகிற சிக்னல் பெற்றவள் பேசும்போது மட்டும் எங்கே ஓடி ஒளிகிறது என்று அந்த டவரைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. கட்டிலில் ஒழுங்காக உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் வைத்தால் அப்பா என்னிடம் வந்து சொல்லிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச்சில் உன் தம்பி டேனிக்குக் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். பாஸ்டர் ஐயா மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், திருப்போரூர், பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் படித்து முடித்துவிட்டு, வழக்கப்படி, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் யாராவது இருமினால்கூட ஊரே திரும்பிப் பார்க்கும், உனக்குத் தெரியும். இந்த முறை யாரும் இருமவில்லை. ஆனாலும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஜன்னலோரம் நீ உட்கார்கிற பெஞ்சு. அது காலியாக இருந்தது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உன் அப்பாதான் எழுந்து நின்று, "ஐயா, பெஞ்சுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்களாம். நீங்க மேல படிங்க," என்றார். சர்ச்சே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று உனக்கு ஷிஃப்ட் என்கிறாய். கூடப்பிறந்தவன் கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத கம்பெனியை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. சரி, அந்தப் பொய்யை விடு. பொய் சொல்லவும் உனக்குத் தெரியாது, சொல்லும்போது மூக்கைச் சொறிவாய். வீடியோ காலில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். போன வருஷம் இதே திருப்போரூரில் உனக்கு ஒரு இடம் கூடி வந்து, பேசி முடிக்கும் நேரத்தில் பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். இந்த வருஷம் அதே திருப்போரூரிலிருந்து உன் தம்பி, யாரும் தேடிக் கொடுக்காமல், தானாக ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அழைத்து வந்து நிறுத்துகிறான். ரூத் தங்கமான பெண். மாமல்லபுரத்தில் அவன் சமைக்கிற அதே ஹோட்டலில்தான் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் ஒவ்வொரு வாயும், "பெரியவனுக்கு இன்னும் ஆவலியா?" என்று கேட்கிறது. எனக்கே அந்த வாய்களில் மிளகாய்ப்பொடி தூவ வேண்டும்போல இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கும்? உனக்குப் பொறாமை, சாமு. நான் பச்சையாகவே எழுதிவிடுகிறேன். அதைச் சொன்னால் நீ சின்னவனாகிவிட மாட்டாய். செங்கல்பட்டில் உன் சித்தி மாடி வீடு கட்டினாளே, அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அவள் சாம்பாரில் உப்பு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நல்ல சாம்பார்தான். இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னேன். என் தங்கை வீடு கட்டினது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ரத்தம்தானே உனக்கும் ஓடுகிறது.

ஆனால் உன் பொறாமைக்கு நான் வேறு விதத்திலும் கொஞ்சம் பொறுப்பு. நான் கட்டின அந்தப் பண்டிகைப் பாட்டைச் சொல்கிறேன். நீ ஏழாவது, டேனி மூன்றாவது படித்த வருஷம். அறுப்பின் பண்டிகைக்கு மாதர் சங்கத்திலிருந்து ஏதாவது புதுசாகச் செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, வேதத்திலிருந்து ஒரு கதையைப் பாட்டாகக் கட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அறுப்பின் பண்டிகை என்றால் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுபோய் வைக்கிற நாள். அதற்குக் காயீன், ஆபேல் கதையைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? அண்ணன் விளைச்சலைக் கொண்டு வருகிறான், தம்பி ஆட்டுக்குட்டியைக் கொண்டு வருகிறான். கடவுள் தம்பியுடையதை ஏற்றுக்கொள்கிறார், அண்ணனுடையதை ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணன் பொறாமையில் தம்பியை வயலுக்கு அழைத்துப் போய் அடித்துக் கொன்றுவிடுகிறான். பண்டிகை நாளில் கொலையைப் பாடுகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெட்டு நன்றாக விழுந்துவிட்டது, அந்த சந்தோஷம்.

*மண்ணக் கொத்துனது அண்ணங்காரன் – ஏலேலோ*
*மந்தை மேய்ச்சது தம்பிக்காரன்*

சோறு வடித்துக்கொண்டே கட்டின பாட்டு. உனக்கு அப்போது நல்ல கணீரென்ற குரல். டேனிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சாமி என்பது காற்றாக வந்தது. நிறைய வரி காயீனுக்கு, நாலே வரி ஆபேலுக்கு. அதனால் உன்னைக் காயீனாக்கினேன். குரலுக்காகக் கொடுத்தேன் என்பதை ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அம்மா, நான்தான் கெட்டவனா?" என்று நீ கேட்டபோது, "ஆமா, உனக்குத்தான் மூஞ்சி பொருத்தமா கீது," என்று கிண்டல் வேறு செய்தேன். நாக்கில் சனி என்பது என்னைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போல.

இன்னொன்றும் செய்தேன். மேடைக்குப் பொம்மைக் காய்கறி எதற்கு, உண்மையானதே இருக்கட்டும் என்றேன். வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், நீயே விதை போட்டு வளர்த்த பரங்கிக்கொடி. அதில் ஒரு காயை யாரையும் தொடவிடாமல், அடியில் வைக்கோல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். பண்டிகைக்குப் படைக்கத்தான் வைத்திருந்தாய். டேனி அவன் சிவப்புச் சேவலைப் படைக்க வைத்திருந்தான். ஆட்டுக்குட்டிக்கு நான் எங்கே போவேன், ஆபேலுக்குச் சேவல் போதும் என்று முடிவு பண்ணினேன். பாட்டிலும் அவையே, பாட்டு முடிந்து, படைத்ததை விற்கிற ஏலத்திலும் அவையே. ஒரே வேலையில் இரண்டு வேலை முடிந்ததென்று எனக்குப் பெருமை.

கடவுள் குரலுக்கு உன் அப்பா. ஐயா உடை மாற்றுகிற சின்ன அறைக்குள் மைக்கைக் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். காயீன் காணிக்கை வைக்கும்போது கடவுள் ஒன்றும் பேசக்கூடாது, மௌனமாக இருக்க வேண்டும், கீபோர்டு மட்டும் சோகமாக வாசிக்கும் என்று நான் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து கீழே கலவை போடுகிறவனைக் கூப்பிட்டுப் பழகின கொத்தனார் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு மௌனமாக இரு என்றால் இருப்பாரா? நீ பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து முட்டி போட்டு வைத்தாய். சர்ச் முழுவதும் அமைதி. உள்ளேயிருந்து இடி இடித்த மாதிரி வந்தது: "பரங்கிக்காயா? வாணாம்! எடுத்துகினு போ!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அது நடிப்பு என்று நினைத்து, பையன் என்னமாய் முகத்தைத் தொங்கப்போடுகிறான் பார் என்று எல்லோரும் மெச்சினார்கள். டேனி சேவலோடு வந்தான், அது நேரம் பார்த்துக் கூவியது, ஒரே கைதட்டல். அப்புறம் வயல் காட்சி. அப்புறம் கடவுள், "தம்பி எங்கடா, தம்பி எங்கடா, தரையப் பார்த்து நிக்கிறியே" என்று பாட, நீ தலையைத் தூக்கி, கூரை ஓடு அதிரப் பாடினாய்:

*எனக்கின்னா தெரியும் சாமி – நானின்னா*
*அவனுக்கு வாச்சுமேனா?*

அந்தக் கைதட்டலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கைதட்டல் நிற்காமல் போகவே, பாட்டு முடிந்துவிட்டது என்று கீபோர்டு வாசித்தவர் எழுந்து போய்விட்டார். கடைசிச் சரணம் ஒன்று இருந்தது, அது பாடப்படவே இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏலம் ஆரம்பித்தது. வாழைத்தார் போனது, கரும்புக் கட்டு போனது, யாரோ கொண்டுவந்த கேக்குக்கு அடிதடி ஆகாத குறை. நம் ஏலத்தில் ஒரு சுரைக்காய்கூட வாங்க ஆளில்லாமல் நின்றது கிடையாது. சாமிக்குப் படைத்ததை வாங்கிக்கொண்டு போனால் வீட்டுக்கு நல்லது என்று போட்டி போட்டுக் கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏலம் விடுகிறவர் உன் பரங்கிக்காயைத் தூக்கிக் காட்டி, "இதோ, நம்ம சாமு வளர்த்தது, யார் கேக்குறீங்க?" என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். பெண்கள் பக்கம் ஒரே குசுகுசு. கடைசியில் சரோஜா அத்தை எழுந்து, நிஜமான கவலையோடு சொன்னாள், "கோச்சுக்காதீங்க. சாமியே வாணாம்னு சொன்னத நம்ம எப்டி வூட்டுக்கு எடுத்துகினு போறது?"

அவள் கேலி பண்ணவில்லை, சாமு. அதுதான் கொடுமை. ஒலிபெருக்கியில் வந்த குரல் நம் வீட்டு ஆள் குரல் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் பயந்தார்கள். நான் எழுதின பாட்டு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று பெருமைப்படுவதா, என் பிள்ளை வைக்கோல் போட்டு வளர்த்த காயை இப்படித் தீட்டாக்கிவிட்டேனே என்று மாரில் அடித்துக்கொள்வதா? உன் அப்பா அந்த அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. நீ வேஷத்துக்குக் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் காயீனுக்கென்று நான் கண்மையால் போட்ட அடையாளத்தோடு வாசற்படியில் நின்றாய். அப்போதுதான் டேனி சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறி நின்று, விழுந்த பல் வழியாகக் கத்தினான்: "என் சேவல எத்துக்கோங்க! அண்ணன் பரங்கிக்காய எனக்குக் குடுங்க!"

"டேய், சேவலையும் சாமிக்குக் குடுத்துட்டடா. குடுத்தத எப்டிடா திரும்பி எடுத்து மாத்துவ?" என்று ஏலம் விட்டவர் தலையைச் சொறிந்தார். பாஸ்டர் ஐயாதான் சிரித்துக்கொண்டே, "குடுத்துடுங்க, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று மேசையைத் தட்டினார். டேனி அந்தக் காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்து, "அண்ணா, உன்னுத நான் வாங்கிட்டேன்!" என்றான். ஊரெல்லாம், "எவ்ளோ பாசம் பாரு சின்னதுக்கு," என்று உச்சுக்கொட்டியது. நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். ஊர் ஒதுக்கினபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது உனக்கு. ஒருவர் நம்மைவிட உயர்ந்துவிட்டால் எரிகிறது. உயர்ந்தவர் நல்லவராகவும் இருந்து தொலைத்தால் இரண்டு மடங்கு எரிகிறது. திட்டவும் முடியாதே. என் தங்கை நான் உப்பில்லை என்றபோதெல்லாம் "ஆமாக்கா" என்று உப்பை எடுத்து வந்து வைப்பாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாடா, வயலுக்குப் போலாம்," என்று நீ அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை யாரோ பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் சோறு பரிமாறுகிற வேலையில் இருந்தேன். எல்லாம் முடிந்து வீட்டுப் பக்கம் வந்தால், நீ மட்டும் அடிபம்பு அருகே தனியாக நிற்கிறாய். "தம்பி எங்கடா?" என்றேன். நீ நிமிர்ந்தும் பார்க்காமல், "எனக்கின்னா தெரியும்? நானின்னா அவனுக்கு வாச்சுமேனா?" என்றாய். நான் எழுதின வரி. பாட்டில் அந்த வரிக்கு முன்னால் வருவது வயல் காட்சி. உன் அப்பா முதலில் சிரித்தார். நான் செருப்பில்லாமல் ஓடுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்று அவரும் ஓடி வந்தார். வேர்க்கடலைக் கொல்லையைத் தாண்டி சவுக்குத் தோப்பு வரைக்கும் நான் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினேன். என்னவெல்லாம் நேர்ந்துகொண்டேன் என்று கேட்காதே, பாதி இன்னும் செலுத்தவில்லை.

தோப்புக்குள் பாட்டுச் சத்தம். *மண்ணக் கொத்துனது அண்ணங்காரன்* என்று, உன் வரிகளையும் சேர்த்து அவனே பாடிக்கொண்டிருந்தான். உன் கம்பளியால் அவன் வயிற்றைச் சுற்றி ஒரு சவுக்கு மரத்தோடு கட்டியிருந்தாய். காலடியில் பரங்கிக்காய். நான் அலறிக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் போனால், "அவுக்காதம்மா. அண்ணன் வந்து அவுத்துவுடும். சொல்லிக்கீது," என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது, கண்ணும் தெரிந்தது. அத்தனை மரத்தில் வெயில் படாத மரமாகத் தேடிக் கட்டியிருக்கிறாய். வலது கையைக் கட்டாமல் விட்டிருக்கிறாய். மடியில் ஒரு பிடி வேர்க்கடலை, அதுவும் உரித்து. பின்னாலிருந்து நீ மூச்சு வாங்க ஓடி வந்தாய். உன் கையில் சொம்பு. அவனுக்குத் தண்ணீர் எடுக்கத்தான் அடிபம்புக்கு வந்திருக்கிறாய், நான்தான் அதைப் பார்க்கவில்லை. உன் அப்பா உன்னை அடிக்கக் கையை ஓங்கினவர், சொம்பைப் பார்த்துவிட்டு அப்படியே வாங்கி அவரே குடித்துவிட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். பரங்கிக்காயை டேனி தூக்க வேண்டியது, டேனியை நீ தூக்க வேண்டியது. அப்படியே கொல்லைமேட்டிலிருந்து வீடுவரை வந்தீர்கள். தோள்மேல் அவன், அவன் தலைமேல் காய். வழியெல்லாம் ஜனம் சிரித்தது, கடைசியில் நீயும் சிரித்துவிட்டாய். அன்றைக்கு அந்தக் காயைக் கூட்டு வைத்தேன். சாமி வேண்டாம் என்று சொன்ன காய் அவ்வளவு இனிப்பாக இருந்தது. சரோஜா அத்தைகூட ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் படுக்கப் போகும்போது ஒன்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "கடவுள் ஏம்மா காயீனுத வாணாம்னாரு? அவன் இன்னா தப்பு பண்ணான்?" பாட்டு எழுதினவளுக்கே தெரியவில்லை! உன் அப்பா, "சாமிக்குக் கறிதான் புடிக்கும், வுடு," என்றார். பாஸ்டர் ஐயாவைக் கேட்டேன். காயீனின் மனசு சரியில்லை என்றார். காய் கொடுக்கும்வரைக்கும் மனசு நன்றாகத்தானே இருந்திருக்கும் ஐயா, அதற்கப்புறம்தானே கெட்டது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் டீ ஆறிப்போகிறது என்றார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி என் தலையில் இருக்கிறது. மீன் வறுத்து உங்கள் இருவருக்கும் துண்டு போடும்போதெல்லாம் அளந்து அளந்து பார்ப்பேன். ஒரே நீளம், ஒரே தடிமன் பார்த்துப் போட்டாலும், "அவனுதுல முள்ளு கம்மி" என்று ஒருவன் எழுந்திருப்பான். பெற்ற எனக்கே இரண்டு துண்டு மீனைச் சமமாகப் போடத் தெரியவில்லையே, கடவுள் பாடு எவ்வளவு கஷ்டம் என்று ஒருநாள் சிரித்தேன்.

உனக்குத் திருப்போரூர் இடம் கைவிட்டுப்போன பிறகு அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். வேகமாகப் படித்தபோதெல்லாம் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தக் கதை முழுவதிலும் கடவுள் ஆபேலோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சாமு. காணிக்கையை ஏற்றுக்கொண்டார், அதோடு சரி. பேசினதெல்லாம் காயீனோடுதான். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று வந்து விசாரிக்கிறார். பாவம் வாசலில் படுத்திருக்கிறது, நீ அதை அடக்கு என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். அவன் கேட்காமல் செய்யக்கூடாததைச் செய்துவிட்ட பிறகும் அவனைத் தேடித்தான் வருகிறார். தண்டனையும் கொடுக்கிறார், விட்டுவிடவில்லை. செய்ததற்கு அனுபவித்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் வேறு யாரும் இவனைத் தொட்டுவிடக்கூடாது என்று ஒரு அடையாளமும் போட்டு அனுப்புகிறார். அவர் நியாயம் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை, அது கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் யாருக்குக் குறைந்ததோ அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார். அன்றைக்குப் பாடாமல் போன சரணம் இதைத்தான் சொன்னது. எழுதும்போது எனக்கே தெரியாமல் எழுதியிருக்கிறேன்:

*ஏன்டா மூஞ்சி வாடிப் போச்சு – எங்கிட்ட*
*சொல்லாம யார்கிட்ட சொல்லப் போற?*
*நெத்தியில ஒரு பொட்டு வச்சேன் – எம்புள்ள*
*இவன்னு ஊருக்குத் தெரியட்டும் போ.*

அந்தக் கண்மைப் பொட்டை நீ அழிக்கவே விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அதோடுதான் போனாய். டேனிக்கு நான் இதுவரை ஒரு வரி கடிதம் எழுதினது கிடையாது. அவன் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன், ஆபேலுக்கு எழுதுகிற வழக்கமில்லை என்று.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். உனக்கு ஷிஃப்ட் என்றதும் அவன் கல்யாணத் தேதியையே தள்ளி வைக்கிறேன் என்றான். அண்ணனுக்கு முடியட்டும், அப்புறம் எனக்குப் பார்க்கலாம் என்றான். ரூத் வீட்டில் கசமுசாவென்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆரம்பிக்காதா? நான் மாமல்லபுரத்துக்கே போய், கடற்கரைப் பக்கம் அந்த ஹோட்டல் பின்வாசலில் அவனை வெளியே கூப்பிட்டு, வெள்ளைத் தொப்பியும் கையுமாக நின்றவனைப் பிடித்துத் திட்டினேன். "அன்னிக்கும் சேவலத் தூக்கிகினு வந்த, இன்னிக்கும் வர்றியா? நீ வுட்டுக் குடுத்தா அவன் இன்னும் சின்னவனா ஆவான்டா. உன் கல்யாணத்த நீ பண்ணு, என் பெரியவன நான் பாத்துக்கறேன்," என்றேன். தொப்பியைச் சுருட்டிப் பையில் திணித்தான். பிறகு, "சரிம்மா, தேதி மாத்தல. ஆனா தோழனா வேற யாரையும் நிக்க வைக்க மாட்டேன். அண்ணன் வரலன்னா நான் தனியாவே நடந்து போறேன்," என்றான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சித்தி மகன் இருக்கிறான், சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்றேன். "அண்ணன் வந்து அவுத்துவுடும்னு அன்னிக்குச் சொன்னேன்ல, வந்துச்சில்ல?" என்கிறான். மீசை வந்தும் அந்தக் கழுதைக்குப் புத்தி வரவில்லை.

நம் சர்ச் வாசலிலிருந்து பீடம்வரை மாப்பிள்ளை தோழனில்லாமல் தனியாக நடந்து நான் பார்த்ததே இல்லை. அவன் அப்படி நடந்தால் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தம்பிக்குத் தோழனாக நிற்கிற அண்ணனைப் பார்த்து இரண்டு பேர் பரிதாபப்படுவார்கள், நாலு பேர் பெண் பார்க்கட்டுமா என்பார்கள். அவர்களை உன் அப்பா பார்த்துக்கொள்வார், இந்த முறை மைக் இல்லாமலேயே. உனக்கு எரிகிறதென்றால் எரியட்டும், எரிச்சலோடேயே வா. சிரித்த முகமாக வா என்று நான் கேட்கவில்லை. தொங்கின முகத்தோடு வந்தாலும் நீதான் என் மூத்த பிள்ளை. வேண்டுமானால் அவனைச் சர்ச் தூணிலேயே கட்டிப்போடு, நிழலாகத்தான் இருக்கும். உன் பங்குக்கும் ஒரு நல்லது வரும். எப்போது வரும் என்று என்னைக் கேட்காதே, நான் கடவுள் இல்லை, பாட்டு மட்டும்தான் கட்டுவேன். பின்னால் இந்த வருஷமும் பரங்கிக்கொடி ஏறியிருக்கிறது. அன்று நீ போட்ட விதையின் வழிதான். ஒரு காயை வைக்கோல் வைத்துப் படுக்கப் போட்டிருக்கிறேன். கல்யாணக் கூட்டுக்கு அதைத்தான் நறுக்க வேண்டுமென்று உன் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கல்யாணத்தன்று காலை எனக்கு ஆயிரம் வேலை இருக்கும். பூ வரவில்லை என்பார்கள், பெண் வீட்டு வேன் வழி தெரியாமல் செய்யூரைத் தாண்டிப் போய்விட்டது என்பார்கள். நடுவில் உன்னைத் தேடி வருவேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன். "தம்பி எங்கடா?" என்று மட்டும் கேட்பேன். நீ உன் பழைய பதிலையே சொல்லு, மாற்ற வேண்டாம், அது நல்ல வரி. ஆனால் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லு, நைனா.

அம்மா